வீணைத் தட்டில் வயலின்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மந்தைவெளியில் என் அறையில், ஆணி அடித்து மூடிய ஒரு கதவின்மேல் இடது காதை ஒட்டவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஒரு அட்டை, அட்டையில் காகிதம், கையில் பென்சில். கதவுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடும்பம் புதிதாக வந்த வயலின் இசைத்தட்டைப் போடப்போகிறது.

முதலில் கரகரவென்று ஒரு சத்தம். தட்டில் ஊசி இறங்கும்போது வருமே, அது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ‘தொடக்கத்தில் கரகரப்பு. கம்பெனி கவனிக்க’ என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு வயலின் ஆரம்பித்தது. இரண்டு நிமிஷத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். தெருவில் கறிகாய்க்காரர் கத்திக்கொண்டு போனார். அது காதில் விழுந்ததாகவே தோன்றவில்லை. சங்கீதத்தைக் கேட்டு நான் எழுத வந்ததை மறந்தது அதுதான் முதல் தடவை.

இருபத்தாறு வயது மனிதன், ஆபீஸ் விட்டு வந்து சட்டைகூட மாற்றாமல், எதற்குக் கதவில் காதை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்? சொல்கிறேன். இந்தத் தொடரில் நான் மற்றவர்களுடைய குறைகளையே எழுதிவருவதாக சைதாப்பேட்டை வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, இந்த வாரம் முழுக்க என்னுடையதுதான்.

ஊசிமுனை பிறந்த கதை

எழுபதுகளின் ஆரம்பம். நான் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. நான்கு சிறுகதைகள் எழுதி, நான்கும் தபாலில் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன. ஐந்தாவதை நேரில் கொண்டுபோனால் முகத்துக்காகவாவது போடுவார்கள் என்று நினைத்து ஒரு வாரப் பத்திரிகை ஆபீஸுக்குப் போனேன்.

ஆசிரியர் கதையைத் தொடக்கூட இல்லை. அவர் மேஜைமேல் இசைத்தட்டுகள் குவிந்து கிடந்தன. புதுத் தட்டு வெளியானால் கம்பெனிகள் பத்திரிகைகளுக்கு ஒரு பிரதி அனுப்புவது அந்தக் கால வழக்கம். அதைப் பற்றி நாலு வரி எழுதினால் விளம்பரம் வரும்.

“வீட்டுல ரெக்கார்டு பிளேயர் இருக்காய்யா?” என்று கேட்டார்.

“இருக்குது சார்” என்றேன்.

என் அறையில் இருந்தவை ஒரு ஸ்டவ், ஒரு வாளி, ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. ஆனால் அச்சில் பெயர் வரவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் வாய் தானாக இல்லாததை எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்லும். சங்கீதம் தெரியுமா என்று அவர் கேட்கவே இல்லை. பிளேயர் இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டார்.

கடைசியில் என் பெயரும் அச்சில் வரவில்லை. “விமரிசனம் எழுதறவன் பேர் தெரியக்கூடாதுய்யா, ஊர்ல நடமாட முடியாது” என்று சொல்லி, ‘ஊசிமுனை’ என்று அவரே பெயர் வைத்தார். மூன்று தட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதலில் பாண்டி பஜாரில் ஒரு ரெக்கார்டு கடையில் நுழைந்து பார்த்தேன். அங்கே கேட்டுப்பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு உண்டு. கடைக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் கையிலிருந்த தட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஹோட்டலுக்கு இலையில சோறு கட்டிக் கொண்டாந்து உக்காந்து சாப்பிடுவீங்களோ?” என்று கேட்டார். அத்துடன் பாண்டி பஜார் கதை முடிந்தது.

நடுக்கதவு

என் வீட்டுக்காரர் ரங்கமணி மாமா செக்ரடேரியட்டில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பஜனையில் மிருதங்கம் வாசிப்பார். வீட்டின் முன்னறையைத் தனியாகத் தடுத்து எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். என் அறைக்கும் அவர்கள் கூடத்துக்கும் நடுவே இருந்த கதவை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஸ்டூலின்மேல், அவர்களுடைய ரெக்கார்டு பிளேயர் இருந்தது. பிளக் பாயிண்ட் அந்த இடத்தில்தான் இருந்தது. என் இலக்கிய வாழ்க்கையை எலெக்ட்ரீஷியன் ஒருவன் நிர்ணயித்தான் என்று சொன்னால் மிகையில்லை.

கூடத்தில் போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். முடியாது. அவர்களுக்குக் கல்யாணமாகாத ஒரு பெண். பெயர் வசந்தா. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். குடியிருக்கும் பிரம்மச்சாரி கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டான் என்றால் மறுநாள் மயிலாப்பூர் குளக்கரை வரைக்கும் சேதி போய்விடும். வாசற்படியோடு நிற்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்த சட்டம்.

அதனால் வாசற்படியில் நின்றபடியே ஒரு திட்டம் போட்டேன்.

“மாமா, ரெக்கார்டு கம்பெனியில எனக்கு ஒரு சிநேகிதர் இருக்காரு. புதுத் தட்டெல்லாம் குடுப்பாரு. என் பிளேயர் ரிப்பேருக்குப் போயிருக்குது. வர்ற வரைக்கும் நீங்க போட்டுக் கேளுங்களேன்.”

மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “ஓசியில சங்கீதம் கெடச்சா கசக்குமா? கொண்டாங்கோ” என்றார். என் பிளேயர் இரண்டு வருஷம் ரிப்பேரில் இருந்தது. எந்தக் கடையில் என்று அந்தக் குடும்பம் ஒருநாளும் கேட்கவில்லை. அது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியின் அபிப்பிராயங்கள்

கதவு வழியே இசை மட்டும் வரவில்லை. அபிப்பிராயங்களும் வந்தன. மாமிக்கு ஒரு பழக்கம். தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அரிசி பொறுக்கிக்கொண்டோ தேங்காய் துருவிக்கொண்டோ, உரக்க விமரிசனம் சொல்வாள்.

ஒரு சினிமாத் தட்டு வந்தது. புதிய பாடகி. மாமி இரண்டு பாட்டுப் பொறுத்துப் பார்த்தாள். “இந்தப் பொண்ணுக்கு ஜலதோஷம். யாராவது மொளகு ரசம் வெச்சுக் குடுத்துட்டுப் பாடச் சொல்லியிருக்கப்படாதா?” என்றாள். அடுத்த இதழில் ஊசிமுனை எழுதினான்: ‘புதிய பாடகியின் குரலில் மிளகு ரசத்தால் தீரக்கூடிய ஒரு குறை இருக்கிறது.’ ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தாராம்.

இன்னொரு தட்டு பக்திப் பாடல்கள். ஒருவர் ஒரே மூச்சில் நூற்றெட்டு நாமம் சொல்கிறார். “என்ன அவசரமோ. சாமிக்கே மூச்சு வாங்கும்” என்றாள் மாமி. அதையும் அப்படியே அச்சேற்றினேன். சினிமாப் படத்தின் கதை வசனத்தை முழுசாகப் பதிந்த தட்டு ஒன்று வந்தபோது, “அழறதுக்கு நடுவுல தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கே, அதுதான் கஷ்டம்” என்றாள். அது ஊசிமுனையின் மிகப் புகழ்பெற்ற வரி.

ராக விஷயங்களுக்கு மாமா. “கல்யாணி நன்னா ஆரம்பிச்சான், பாதியில வேற எங்கயோ போயிட்டான்” என்பார். எனக்கு அப்போது ஏழெட்டு ராகங்களின் பெயர் தெரியும். எது எதன் பெயர் என்பதுதான் தெரியாது. மாமா சொன்னால் பென்சில் எழுதும்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும். மாமி வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். “ஏன்னா, நான் சொன்னதையே இந்த ஊசிமுனையும் சொல்லியிருக்கான் பாருங்கோ.” மாமா நிதானமாக, “விஷயம் தெரிஞ்சவா எல்லாரும் ஒரே மாதிரிதான் நெனைப்பா” என்பார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஸ்டீரியோ வந்த புதிது. ஆசிரியரின் சிநேகிதர் ஒருவர் அடையாறில் தோட்டம் வைத்த வீட்டில் இருந்தார். இரண்டு அலமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்திருந்தார். ‘இடது பக்கம் சிதார் நிற்கிறது, வலது பக்கம் தபலா உட்கார்ந்திருக்கிறது, நடுவில் நாம்’ என்று ஒரு ஸ்டீரியோ தட்டைப் பற்றி ஊசிமுனை எழுதியதைப் படித்துவிட்டு, இந்த ஊரில் சரியாக ஸ்டீரியோ கேட்கத் தெரிந்தவர் ஊசிமுனை ஒருவர்தான் என்று ஆசிரியரிடம் சொன்னாராம். நான் அதை உறையின் பின்பக்கத்தில் படித்து எழுதினேன். கதவில் ஒட்டியிருந்தது என் ஒரு காதுதான்.

அந்த வீணைத் தட்டு

இப்படி இரண்டு வருஷம் ஓடியபிறகு ஒரு வீணைத் தட்டு வந்தது. பெரிய வித்துவான். உறையில் இருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டு, தட்டை வழக்கம்போல மாமாவிடம் கொடுத்தேன். சாயங்காலம் காதை வைத்தேன்.

வீணை அருமையாக இருந்தது. ஆனால் கூடவே ஒரு வயலின் வந்துகொண்டிருந்தது. மோசமில்லை. ஆனால் வீணை ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்சம் கழித்துத்தான் வயலின் வந்து சேர்ந்தது. உறைக் குறிப்பைப் பார்த்தேன். வீணை, மிருதங்கம், கடம் என்று மூன்று பெயர்கள். வயலின்காரர் பெயர் இல்லை.

அன்று மாமி வாயையே திறக்கவில்லை. மாமா வெளியே போயிருந்தார். இரவல் அபிப்பிராயம் கிடைக்காததால் முதல்தடவையாக நானே சொந்தமாக எழுதினேன்:

‘அனுபல்லவியில் வீணை வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டது. வயலின் இன்னும் தெருமுனையிலேயே நிற்கிறது. உறையில் வயலின் வாசித்தவரின் பெயர் இல்லை. கேட்டபிறகு காரணம் புரிந்தது.’

எழுதிவிட்டு எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. மாமியின் துணை இல்லாமலே குத்த முடிகிறதே என்று சந்தோஷப்பட்டு, அன்று ராத்திரி ஹோட்டலில் இரண்டாவது தோசை சொன்னேன்.

நூருல்லா கேட்ட கேள்வி

இதழ் வெளிவந்து ஒரு வாரம் கழித்துப் பத்திரிகை ஆபீஸுக்குப் போனேன். அச்சு எழுத்துக் கோக்கும் நூருல்லா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ராயப்பேட்டைக்காரர், எனக்கு அண்ணன் வயது. என் கையெழுத்தை ஊரில் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர்.

“இன்னா சார், இப்டி பண்ட்டீங்க” என்றார். “வீணைத் தட்டுல ஃபிடில் எங்க சார் கீது?”

“ஏன்?”

“லெட்டரா வந்துகினு கீது. மைலாப்பூர்ல ஒரு வூடு பாக்கி இல்ல. வீணைக்கு ஃபிடில் வாசிக்கவே மாட்டாங்களாமே. எனக்கே தெரியாது, லெட்டர் கம்போஸ் பண்றப்பத்தான் தெரிஞ்சிகினேன்.”

ஆசிரியர் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு கத்தை கார்டுகளை மேஜையில் விசிறிப் போட்டார். ஒரு கார்டில், ‘ஊசிமுனை அவர்கள் அடுத்தபடியாக நாதஸ்வரத் தட்டில் ஹார்மோனியம் கேட்டுச் சொல்லவும்’ என்று இருந்தது.

“என்னய்யா இது?” என்றார்.

நான் கார்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன். உண்மையைச் சொன்னால் கதவைச் சொல்ல வேண்டும், இல்லாத பிளேயரைச் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு புதுத் தட்டை எடுத்து நீட்டினார். கம்பெனிக்காரர்கள் உறையின் வாயில் ஒட்டிய தாள்கூடக் கிழிபடாமல் இருந்தது. “இது வயலின் தட்டு. இதுல வயலின் இருக்குன்னு நான் உத்தரவாதம் தரேன். வயலினும் மிருதங்கமும் மட்டும்தான். இதை ஒழுங்கா எழுதினா நீ இருப்பே. இல்லேன்னா ஊசியை எடுத்துவெச்சுடு.”

குழாயடியில்

பஸ்ஸில் வரும்போதே யோசித்தேன். தட்டில் இல்லாத வயலின் பின்னே எங்கிருந்து வந்தது? பதில் மறுநாள் காலை குழாயடியில் கிடைத்தது. வாளி நிரம்பக் காத்திருந்தபோது மாமி வந்தாள். நான் ஒன்றும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

“எங்காத்துப் பொண்ணு ஒரு வாரமா சரியா சாப்பிடறதில்ல. அடுத்த மாசம் ரேடியோ ஆடிஷன். மூணு வருஷமா அதுக்குத்தான் தயார் பண்ணிண்டிருந்தா. இப்போ திடீர்னு பெட்டியை மூடி பரண்மேல வெச்சுட்டா.”

“என்ன பெட்டி மாமி?”

“வயலின் பெட்டிதான். நீங்க ஆபீஸ் போனப்பறம் தெனமும் சாதகம் பண்ணுவா. இப்போ கொஞ்ச நாளாத்தான் சாயங்காலம் தட்டோட சேர்ந்து வாசிச்சுப் பார்த்துண்டிருந்தா.” மாமி குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்தாள். “எவனோ பாவி எதையோ எழுதிட்டான்.”

என் வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தது. நான் நகரவில்லை. மாமி அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பெண் வாசித்துக்கொண்டிருந்தாள், தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் இரண்டு வருஷத்தில் நடந்த மிக அந்தரங்கமான விஷயத்தைத்தான் நான் அச்சடித்து ஊரெல்லாம் விற்றிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பத்திரிகை போகும். பரவாயில்லை, அந்தப் பெண் பெட்டியை இறக்கினால் போதும். வியாழக்கிழமை சாயங்காலம் வயலின் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் நின்றேன்.

வசந்தாதான் வந்தாள். என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். உறையைப் பார்த்தாள், அதில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“உங்க ஃப்ரெண்ட் குடுத்ததா?”

“ஆமா. வந்து... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நாளைக்குச் சாயங்காலம் போடறோம்” என்றாள். “ரூம்ல இருந்தா கேளுங்கோ.” உள்ளே போய்விட்டாள்.

தைரியம் என்பது எனக்கு வாசற்படி வரைக்கும்தான் துணைக்கு வரும். திரும்பி வந்துவிட்டேன்.

மறுபடி வெள்ளிக்கிழமை

ஆக, அந்த வெள்ளிக்கிழமை. காது கதவில், பென்சில் தரையில்.

வயலின் அவசரப்படவில்லை. உறையில் போட்டிருந்தபடியே மெதுவாகத் தோடியைத் திறந்தது. மிருதங்கம் சேர்ந்துகொண்டதும் ஒரு வேகம் எடுத்தது. பல்லவி முடிந்து அனுபல்லவி வந்தது. வயலின் அந்த இடத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது, ஒரு இம்மி முன்பின் இல்லாமல். இந்த மாதிரி வாசிப்பைக் கேட்டால் பரண்மேல் பெட்டியை வைத்த பெண்ணுக்குக் கையெல்லாம் துறுதுறுக்கும், நாளைக்கே இறக்கிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் மாமியின் குரல் வந்தது. “ஒரு பக்கம் ஆயிடுத்து. தட்டைத் திருப்பிப் போடுடி.” சிறிது இடைவெளி. மறுபடி கரகரப்பு. மறுபடி வயலின்.

மாமாவின் குரல் மட்டும் அன்று ஒரு தடவைகூட வரவில்லை. ‘நல்ல சங்கீதம் விஷயம் தெரிந்தவர்களின் வாயை அடைத்துவிடுகிறது’ என்று எழுதினேன். அத்துடன் இரவலே இல்லாத ஒரு பக்கம்: ‘இந்த வயலின் யார் பின்னாலும் நடப்பதில்லை. வாசித்தவர் தனக்கே நிரூபிப்பதற்காக வாசித்ததுபோல் இருக்கிறது. கேட்டபிறகு சிறிது நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.’ கரகரப்பைக் கம்பெனி கவனிக்க வேண்டும் என்ற வரியையும் விடவில்லை. விமரிசகன் என்றால் ஏதாவது ஒரு குறை சொல்ல வேண்டும்.

இதழ் வந்தது. ஆசிரியர் குளிர்ந்துபோனார். தட்டுக் கம்பெனி அடுத்த இதழுக்கு அரைப்பக்கம் விளம்பரம் கொடுத்து, ‘யார் பின்னாலும் நடக்காத வயலின் – ஊசிமுனை’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. “இனிமே உன் சொந்தப் பேரையே போட்டுடலாம்யா. போட்டோ ஒண்ணு குடு” என்றார் ஆசிரியர். நான்கு கதைகள் திரும்பி வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவில் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பிரிக்காத உறை

ஈரம் உலராத போட்டோவுடன் வீட்டுக்கு வந்தால், என் அறை வாசலில் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மாமி. வசந்தாவின் கையில் வயலின் தட்டு.

“இதை உங்க ஃப்ரெண்ட்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்கோ” என்றாள்.

வாங்கினேன். உறையின் வாயில் கம்பெனி ஒட்டிய தாள் ஒட்டியபடியே இருந்தது. கிழியவில்லை, பிரியவில்லை. அதை விரலால் தடவிப் பார்த்தேன்.

“அப்போ வெள்ளிக்கிழமை...” என்றேன்.

“வயலின் நான். மிருதங்கம் அப்பா” என்றாள்.

“கரகரப்பு?”

“ரவை” என்றாள் மாமி. “வாணலியைக் கதவாண்ட கொண்டுவந்து வெச்சுண்டு கரண்டியால கெளறினேன். கம்பெனி கவனிக்கணும்னு எழுதியிருந்தேளே, கவனிச்சுண்டேன். அன்னிக்கு எங்காத்துல உப்புமா.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. “உங்களுக்கு எப்போ தெரியும், நான்தான்னு?”

“ரெண்டு வருஷமா அம்மா சொல்றதெல்லாம் அச்சுல வரது. எங்களுக்குத் தெரியாதா?” என்றாள் வசந்தா.

“அச்சுல வந்தா நன்னாயிருக்கேன்னுதான் நானும் உரக்கவே சொல்லுவேன்” என்றாள் மாமி, கொஞ்சமும் வெட்கப்படாமல். “மொளகு ரசம் எழுதினேளே, அந்தப் பக்கத்தைக் கத்திரிச்சு வெச்சிருக்கேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், நான் செய்தது கேவலம் என்று சொன்னேன். முதலில் எழுதியதெல்லாம் பொய், அறியாமல் எழுதியது என்றேன்.

“பொய்னு சொல்லாதீங்கோ” என்றாள் வசந்தா. “அனுபல்லவியில நான் பின்தங்கறேன்னு எழுதினேளே, அது நெஜம். ஆத்துல எல்லாரும் நன்னாயிருக்கு நன்னாயிருக்குன்னுதான் சொல்லுவா. நாலு நாள் பெட்டியைத் தொடலை. அஞ்சாம் நாள், நீங்க ஆபீஸ் போனப்பறம், இறக்கி அந்த எடத்தையே திரும்பத் திரும்ப வாசிச்சேன். வாசிக்கறது யார்னு தெரியாம நீங்க என்ன எழுதறேள்னு பார்க்கணும்னுதான் அந்த வெள்ளிக்கிழமை. பரண்ல இருக்குன்னு அம்மா உங்ககிட்ட சொன்னது என்னிக்கோ இறக்கினப்பறம்தான்.”

மாமி வேறு பக்கம் பார்த்தாள்.

“ஆனா பேர் இல்லாததுக்குக் காரணம் புரிஞ்சதுன்னு ஒரு வரி எழுதினேளே.” வசந்தாவின் குரல் முதல்முறையாக நடுங்கியது. “என் பேர் எங்கேயும் வந்ததில்ல. வரணும்னுதான் மூணு வருஷமா வாசிக்கறேன். அந்த வரியை மட்டும் எடுத்துடுங்கோ.”

அச்சில் வந்த வரியை எடுக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமி ஒரு கணம் நின்று, “போட்டோ நன்னாயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

திருத்தம்

ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் பத்து நிமிஷம்தான். ஒரு வரியை எடுக்க முடியாது. ஆனால் ஒரு பெயரைச் சேர்க்கலாம். என் போட்டோவும் பெயரும் வரப்போகிற அதே இடத்தில்.

ஆசிரியரிடம் காட்டினால் கிழித்துவிடுவார். அதனால் அச்சுக்குப் போகும் அன்று, அவர் காப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து, நேரே நூருல்லாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

‘திருத்தம். சென்ற இதழில் இப்பகுதியில் பாராட்டப்பட்ட வயலின், அந்த இசைத்தட்டில் உள்ளது அல்ல. அந்தத் தட்டை ஊசிமுனை கேட்கவே இல்லை. அவரிடம் ரெக்கார்டு பிளேயரும் இல்லை. அன்று வாசித்தவர் மந்தைவெளி குமாரி வசந்தா. முன்பு வீணைத் தட்டின் விமரிசனத்தில் பெயர் சொல்லாமல் ஏளனம் செய்யப்பட்டவரும் இவரே. இரண்டுக்கும் நடுவில் அவர் உழைத்தார். ஊசிமுனை வெட்கப்படுகிறார்.’

நூருல்லா காகிதத்தை மடித்தார். “சார், இத்த போட்டா உங்க போட்டோ வராது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நீங்களே வரமாட்டீங்க.”

“அதுவும் தெரியும்.”

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எழுத்துப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்தார். பிறகு, “அந்தப் பொண்ணு பேரை மட்டும் பெரிய எழுத்துல போட்டுர்றேன். ஆனது ஆவட்டும்” என்றார்.

போட்டார். ஒரே பக்கத்தில் மேலே கம்பெனியின் அரைப்பக்க விளம்பரம், கீழே என் திருத்தம். மெட்ராஸ் நகரமே சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. ஊசிமுனை அத்துடன் காலமானான். நூருல்லாவை ஆசிரியர் திட்டினாரே தவிர வேலையைவிட்டு அனுப்பவில்லை, அவரைவிட்டால் வேகமாகக் கோக்க ஆள் கிடையாது. என் இரண்டாவது தொழில் இப்படி முடிந்தது. அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்து மாமா வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, “ஊருக்குக் கெளம்பறேளா?” என்று மட்டும் கேட்டார். அவிழ்த்துவிட்டேன்.

வசந்தா அதன்பிறகு என்னைப் பார்த்தால் வாசல் கதவைச் சாத்துவதில்லை. ஆடிஷனுக்குப் போகும் அன்று பெட்டியைத் திறந்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மூடியின் உள்பக்கத்தில் இரண்டு பத்திரிகைத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்று செருப்பைக் கழற்றிய வீணை. மற்றது திருத்தம். நடுவில் வந்த பாராட்டை அவள் ஒட்டவில்லை.

நீங்கள் எதிர்பார்ப்பது நடக்கவில்லை. நான் கல்யாணம் செய்துகொண்டது தூத்துக்குடியில், வேறொரு பெண்ணை. வசந்தா பெங்களூர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். ஆனால் அதற்கு முன்பே, ஆடிஷனில் தேறி ஒரு வருஷத்துக்குள், அவள் வாசித்து முன்பே பதிவான கச்சேரிக்காக ஒருநாள் காலையில் ரேடியோவில் அவள் பெயரைச் சொன்னார்கள். அன்று நாங்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்தோம். ஆமாம், கூடத்தில். மாமா என்னை ஊஞ்சலில் உட்காரச் சொன்னார். மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளர் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும்படி, “வயலின், மந்தைவெளி வசந்தா” என்றார். அவள் என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தாள்.

வாசிப்பு பிரமாதமாக இருந்தது. ஆனால் அனுபல்லவியில், பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில், கொஞ்சம் முந்திவிட்டாள். எழுத அப்போது எனக்குப் பத்திரிகை இல்லை. இப்போது இருக்கிறது, எழுதிவிட்டேன்.